பெயர் ஒன்று, ஆள் இருவர்: பழைய உயில்கள் காட்டும் குலமுறை

பாட்டனாரின் பெயரைப் பெயரனுக்குச் சூட்டுதல் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் மரபு. ‘பேரன்’ என்று இன்று வழங்கும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். தமிழ்ச் சமணர் இல்லங்களில் இம்மரபு இன்னும் அழுத்தமாக வேரூன்றியது. தீர்த்தங்கரர் திருப்பெயர்களும் அறவோர் பெயர்களுமே மக்கட்பெயராக அமைவதால், சூட்டத்தக்க பெயர்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்கு உட்பட்டது. ஆதிநாதர், சாந்திநாதர், பார்சுவநாதர், தரணேந்திரர், ஸ்ரீபாலர் என்னும் பெயர்கள் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன.

அன்புக்கும் நன்றிக்கும் அடையாளமான இவ்வழக்கம் குடும்ப வரலாறு எழுதப் புகுவோருக்குப் பெரியதோர் இடர்ப்பாட்டைத் தருகிறது. பாட்டனாரும் பெயரனும் ஒரே ஆளாகக் கலந்துவிடுகின்றனர். ஒருவர் வாங்கிய நிலம் மற்றவர் கணக்கில் சேர்கிறது. ஒருவர் செய்த தானத்தின் புகழ் மற்றவரைச் சென்றடைகிறது. ஒருவருடைய மனைவி மற்றவருக்கு இரண்டாம் தாரம் ஆக்கப்படுகிறார். குலமுறைப் படத்தில் ஒரு மனிதர் நூறாண்டு வாழ்ந்தவராகக் காணப்பட்டால், பெரும்பாலும் அங்கே இருவர் மறைந்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

கல்வெட்டு கற்பிக்கும் பாடம்

இவ்விடர்ப்பாடு புதியதன்று. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தை வழிபட்டோர் யாவரும் இருகப்பர் பெயரைக் கேட்டிருப்பர். விசயநகரப் பேரரசின் தண்டநாயகராக விளங்கிய இவர், கி.பி. 1382ஆம் ஆண்டுக்குரிய துந்துபி ஆண்டில் மாவண்டூர்ப் பற்றைச் சார்ந்த மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இவ்வாலயத்துக்கு அளித்தார். பின்னர், 1387–88ஆம் ஆண்டுக்குரிய பிரபவ ஆண்டில், தம் ஆசிரியர் புட்பசேனரின் விருப்பப்படி இங்குள்ள மண்டபத்தைக் கட்டுவித்தார். அம்பியில் குந்துநாதருக்கு ஆலயம் எடுத்ததாகச் சக ஆண்டு 1307ஐ உடைய கல்வெட்டொன்று இருகப்பரையே குறிக்கிறது. 1422ஆம் ஆண்டில் சிரவணபெளகொளத்துக் கோமடேசுவரருக்கு ஊர்த்தானம் அளித்தவரும் இருகப்பரே.

ஒரே பெயர், ஒரே சமயம், ஒரே பேரரசு, ஒரே பதவி. நான்கு அறங்களையும் ஒருவரே செய்தார் என்று கொள்வது எளிது. ஆயினும் கல்வெட்டுகளைக் கூர்ந்து நோக்கினால் வேறு செய்தி புலப்படும். திருப்பருத்திக்குன்றத்து இருகப்பர், வைசயர் என்னும் தண்டநாயகரின் மைந்தர். அம்பிக் கல்வெட்டில் அத்தந்தையின் பெயரே சற்றுத் திரிந்த வடிவில் வருகிறது. சிரவணபெளகொளத்துக் கல்வெட்டோ, அங்குத் தானம் அளித்த இருகப்பரை மங்கப்பரின் மைந்தர் என்றும், பைசப்பரின் பெயரர் என்றும் கூறுகிறது. பைசப்பருக்கு மங்கப்பர், இருகப்பர், புக்கணர் என மைந்தர் மூவர். மங்கப்பருக்கும் சானகி அம்மையாருக்கும் பிறந்தோர் பைசப்பர், இருகப்பர் என்னும் இருவர். எனவே காஞ்சியில் மண்டபம் எடுத்தவர் சிறிய தந்தையார். கோமடேசுவரருக்கு ஊர் அளித்தவர் அவருடைய தமையன் மகனார். மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரும், இளைய மகனுக்குச் சிற்றப்பன் பெயரும் இக்குடும்பத்தில் வழங்கியுள்ளன.

பெயரை மட்டும் நோக்கியிருந்தால் ஓர் அறவோர் வரலாற்றினின்றும் மறைந்திருப்பார். இருவரையும் பிரித்துக் காட்டியவை தந்தை பெயரும், பாட்டன் பெயரும், உடன்பிறந்தார் பெயர்களுமே. ஆவணத்தில் முதலில் தேடத்தக்கது உறவு. பெயர் அதற்குப் பின்னரே.

உயில் என்னும் ஆவணம்

தண்டநாயகர்களுக்குக் கல்வெட்டு அமைந்தது போலச் சிற்றூர்களில் வாழ்ந்த வேளாண் குடியினருக்கு அமைந்தவை அவர்தம் சாசனங்கள். அவற்றுள் உறவுமுறையை மிகுதியாகச் சொல்வது உயில். முன்னாளில் இதனை மரண சாசனம் என்றும் வழங்கினர். பச்சையப்ப முதலியார் 1794இல் எழுதிய உயில் இத்துறையில் யாவரும் அறிந்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் சமணரையும் பெயர் சுட்டி உள்ளடக்கியது. எனினும் இம்மாநிலத்தைப் பொறுத்தவரை அது சென்னை நகர எல்லைக்கே உரியதாயிருந்தது. ஊர்ப்புறங்களில் எழுதப்பட்ட உயில்களுக்கு எழுத்தும் இரு சாட்சிகளும் கட்டாயம் என்னும் நிலை 1927ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குப் பின்னரே ஏற்பட்டது. ஆதலால் அதற்கு முந்திய மரண சாசனங்கள் பல வடிவங்களில் கிடைக்கும்; ஒற்றைச் சாட்சியோடு இருப்பதை மட்டும் காரணமாகக் காட்டி அவற்றை ஒதுக்கிவிடலாகாது.

உயில் இருப்பதே ஒரு செய்தி. பாகம் பிரியாத கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த ஒருவர், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன், தம் பங்கை உயிலால் பிறருக்கு எழுதிவைத்தல் இயலாது. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட உயில் ஒன்று கிடைத்தால், எழுதியவர் பாகம் பிரிந்தவராகவோ, தாமே ஈட்டிய சொத்துடையவராகவோ, ஆண் வாரிசின்றித் தனித்து நின்றவராகவோ இருந்திருத்தல் கூடும். மகப்பேறு இல்லாத பெரியப்பா ஒருவர், தம் பெயரையே தாங்கிய தம்பி மகனுக்குச் சொத்தை எழுதிவைக்கும்போது, பிற்காலத்தார் அவ்விருவரையும் தந்தையும் மகனும் என்றோ, ஒருவரே என்றோ மயங்குவது இயல்பு. உயிலைப் படித்தால் ‘என் தம்பி குமாரன்’ என்னும் ஒரு தொடர் அம்மயக்கத்தை நீக்கிவிடும்.

தந்தை பெயரும் போதாத இடம்

இருகப்பர் இருவரைப் பிரிக்கத் தந்தை பெயர் போதுமானதாயிற்று. பெயரனுக்குப் பாட்டன் பெயர் இடும் மரபு வழுவாது தொடர்ந்த குடும்பத்தில் அதுவும் போதாது. ஆதிநாதரின் மகன் சாந்திநாதர். சாந்திநாதரின் மகன் ஆதிநாதர். அவர் மகன் மீண்டும் சாந்திநாதர் என ஒரு குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்ளலாம். ‘ஆதிநாத நயினார் குமாரர் சாந்திநாத நயினார்’ என்னும் தொடர் இரண்டாம் தலைமுறைக்கும் பொருந்தும்; நான்காம் தலைமுறைக்கும் பொருந்தும். பிற்காலத்தில் பெயர்முன் வந்த தலைப்பெழுத்தும் அவ்வாறே. பாட்டன் பெயரைச் சேர்த்து எழுதினாலும் மயக்கம் தீராது. அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் திரும்பி வருவதே.

இதனோடு ஆண்டுக் கணக்கும் சேர்ந்து குழப்பும். தமிழாண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்கின்றன. பாட்டனுக்கும் பெயரனுக்கும் இடையே உள்ள அகவை வேறுபாடும் ஏறத்தாழ அறுபதே. 1862–63 துந்துபி ஆண்டு. 1922–23உம் துந்துபி ஆண்டே. பதிவுக்கு வராத ஓலை நறுக்கிலோ கைச்சீட்டிலோ ‘துந்துபி வருடம் தை மாதம்’ என்று மட்டும் எழுதி ஆதிநாத நயினார் கையொப்பமிட்டிருந்தால், அவர் பாட்டனாரா பெயரனாரா என்பதைப் பெயரும் சொல்லாது, ஆண்டும் சொல்லாது.

இத்தகைய இடத்தில் துணைபுரிவன மூன்று. முதலாவது, பெண்களின் பெயர். குலமுறைப் படங்களில் ஆடவர் பெயர்களே நிரம்பியிருக்கும். பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். உயிலோ அவ்வாறு விடுவதில்லை. மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் ஜீவனாம்சம், மகளுக்கு மணச்செலவு, கைம்பெண் தங்கைக்கு நெல் எனப் பொறுப்புகளைப் பெயரிட்டு எழுதியாக வேண்டியிருந்தது. ஆதிநாதர் என்னும் பெயர் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பலாம். அவ்விருவரின் மனைவியரும் மாமனார் ஊர்களும் அதே வரிசையில் திரும்புவது அரிது. பெண்களே எழுதிவைத்த ஸ்ரீதனச் சொத்துப் பற்றிய உயில்கள் கிடைக்குமாயின் அவை இன்னும் சிறந்தவை. பிறந்த வீடு, புகுந்த வீடு ஆகிய இரு குடும்பங்களையும் ஒரே ஏட்டில் அவை இணைத்துக் காட்டும்.

இரண்டாவது, நிலம். உயிலின் சொத்து விவரத்தில் நான்கெல்லை குறிக்கப்பட்டிருக்கும். பழைய சாசனங்களில் பைமாஷ் எண்ணும், பின்னாளில் சர்வே எண்ணும் காணப்படும். ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்திருந்தால், ஒருவர் நிலத்தின் வடக்கெல்லை மற்றவர் நிலமாக எழுதப்பட்டிருக்கவும் கூடும். அவ்வொரு வரியே இருவர் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, சாட்சிகளும் எழுதியவரும். சாட்சிக் கையொப்பம் இட்டவர் அந்நாளில் உயிரோடு இருந்தவர். வேறொரு சாசனத்தில் ‘காலஞ்சென்ற’ என்னும் அடைமொழியோடு அவர் பெயர் வந்தால், அவ்விரு நாட்களுக்கு இடையே அவர் மறைந்தார் எனக் கணிக்கலாம். உயில் எழுதிய நாள் இறந்த நாள் அன்று என்பதையும் மறத்தலாகாது. உயில் எழுதிய பின் பல்லாண்டு வாழ்ந்தோர் உண்டு.

தேடும் முறை

உயிலைப் பதிவு செய்தல் கட்டாயமன்று. எழுதியவர் விருப்பத்தைப் பொறுத்தது. பதிவு செய்யப்பட்டவை சார்பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளன. நிலப் பரிமாற்றங்கள் முதற் புத்தகத்தில் அமைகின்றன. வில்லங்கச் சான்று அதனைச் சார்ந்தது. ஆகவே வில்லங்கச் சான்றில் உயில் காணப்படவில்லை என்பதால் உயிலே இல்லை என முடிவு கட்டுதல் தவறு. எழுதியவர் மறைந்த பின்னர், விண்ணப்பிக்கும் எவரும் மூன்றாம் புத்தகத்து நகலைப் பெறச் சட்டம் இடந்தருகிறது. பெயர் அட்டவணையைப் பார்க்கும்போது ஒரே பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதலிற் கண்டதோடு நின்றுவிடின் பழைய பிழையே மீண்டும் நேரும்.

மாவட்டப் பெயர்களையும் நினைவில் கொள்ளுதல் நன்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் பழைய சாசனங்களில் தென்னாற்காடு ஜில்லாவிலும், வந்தவாசி, ஆரணிப் பகுதி ஊர்கள் வடஆற்காடு ஜில்லாவிலும் இருக்கும். சென்னை நகரில் சொத்து வைத்திருந்தோரின் உயில்கள் உயர்நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கலாம். அங்கும் தேடிப் பார்த்தல் பயன்தரும்.

கிடைத்த செய்திகளை எழுதும்போது பெயரோடு எண்ணும் இடுதல் சிறந்தது. முதலாம் ஆதிநாதர், இரண்டாம் ஆதிநாதர் எனக் குறித்து, ஒவ்வொருவருக்கும் எதிரே மனைவி பெயர், அவர் பிறந்த ஊர், உடன்பிறந்தார், நிலம், சாசன நாள் என்பவற்றை எழுதிவரின் கலந்துபோன இருவர் தாமே பிரிவர். எந்தச் செய்தி எந்தச் சாசனத்தினின்று எடுக்கப்பட்டது என்பதையும் அருகில் குறித்தல் வேண்டும். வாய்மொழிச் செய்தியை வாய்மொழி என்றே எழுதுதல் நேர்மை.

அறத்துக்கு உரியவர் யார்

இத்துணை உழைப்பும் எதற்கென்று வினவலாம். ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் என்னும் நால்வகைத் தானமும் சமண இல்லறத்தாரின் கடமை. உயில் எழுதும் வேளையிலும் முன்னோர் இதனை மறந்திலர். சினாலயத்துத் திருவிளக்குக்கு நிலம், நந்தீசுவர பூசைக்கு நெல், விழா நாளில் அன்னதானம் எனக் கட்டளைகளை எழுதிவைப்பது வழக்கமாயிருந்தது. தம் வாழ்நாளின் மாலையில் இதனைச் செய்தவர் ஒருவர். அவர் பெயரைத் தாங்கியவர் பிறிதொருவர். இருவரும் ஒருவராக எண்ணப்படும்போது கட்டளை நடந்தேறினாலும் அளித்தவர் மறக்கப்படுகிறார். கட்டளைக்குரிய நிலம் எதுவென்பது தெரியாதபோது கட்டளையே நின்றுபோகவும் கூடும்.

பல இல்லங்களில் பழஞ்சாசனங்கள் பரண்மேல் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் கிழிந்து, மை மங்கி வருகிறது. அவற்றின் எழுத்தைப் படிக்கவும், அவற்றில் வரும் அத்தையும் சிற்றப்பாவும் யாவர் எனச் சொல்லவும் வல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர். மகாவீரர் திருவவதார நாளில் குடும்பத்தார் யாவரும் ஊரில் ஒன்றுகூடுவர். பூசை முடிந்த பின்னர்ப் பெட்டியைத் திறந்து, முதியோரை அருகிருத்தி, சாசனங்களைப் படமெடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவை எழுதிக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். பெயரனுக்குப் பாட்டன் பெயரைச் சூட்டும் குடும்பம், அப்பாட்டன் யார் என்பதையும் அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.