கப்பலுக்காகக் கரையும் துத்தநாகம்

போர்க்கப்பலை உலர் துறையில் ஏற்றித் தண்ணீரை வடித்தால், புரொப்பெல்லருக்கும் சுக்கானுக்கும் பக்கத்தில் வரிசையாகச் சில சாம்பல்நிறக் கட்டிகள் தெரியும். அவை துத்தநாகக் கட்டிகள். எஃகை அரிக்க வரும் உப்புநீருக்குத் தங்களைக் கொடுத்துவிட்டுக் கப்பலைக் காப்பதுதான் அவற்றின் வேலை. எஃகுக் கப்பலே இல்லாத காலத்தில், மரக்கப்பலுக்கு அடித்த செம்புத் தகட்டில் தொடங்குகிறது அவற்றின் கதை.

வெப்பக் கடல்களில் ஒருவகைப் புழு மரத்தைத் துளைத்து உள்ளே குடியேறிவிடும். பாசியும் கொட்டலசும் அடியில் படர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுக்கும். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, 32 பீரங்கிகள் கொண்ட அலார்ம் என்ற கப்பலின் அடிப்பகுதியில் மெல்லிய செம்புத் தகடு வேய்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்த கப்பலில் புழு இல்லை. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பல கூழாகியிருந்தன. தகட்டோடு வந்த பழுப்புக் காகிதம் உரியாமல் ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. கடல்நீரில் செம்பும் இரும்பும் தொடக்கூடாது என்ற பாடம் தெளிவாகவே கிடைத்தது. ஆனாலும் 1779-இல் போர் நெருக்கியபோது, கடற்படை நிர்வாகத்தை நடத்திய சார்ல்ஸ் மிடில்டன் காகிதத்தையும் பூச்சையும் நம்பி மொத்தப் படைக்கும் செம்பு வேயச் செய்தார். கண்ணுக்குத் தெரியாமல் இரும்பு போல்டுகள் அரித்துப்போயின. இரும்பு போல்டுகளை எடுத்துவிட்டுச் செம்புக் கலவை போல்டுகளைப் பொருத்திய பிறகுதான் அந்தத் தொல்லை நீங்கியது.

இன்னொரு செலவு மட்டும் நிற்கவில்லை. செம்பும் கடல்நீரில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. கடற்படையின் கோரிக்கை ராயல் சொசைட்டியின் தலைவர் ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. அவர் யோசித்த விதம் இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது. இரும்பு அழிந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். இரும்பு அழியும்போது செம்பு தப்பிக்கிறது என்பதை டேவி பார்த்தார். கடல்நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டால் மின்னோட்டம் உண்டாகிறது. எளிதில் கரையும் உலோகம் கரைந்து மற்றதைக் காக்கிறது. அப்படியானால் அழிவதற்கென்றே கொஞ்சம் இரும்பை வைக்கலாமே? பட்டாணி அளவு துத்தநாகமோ சிறிய இரும்பு ஆணியின் முனையோ நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதும் என்று 1824-இல் அறிவித்தார். சோதனைகளில் மைக்கேல் ஃபாரடே துணை நின்றார்.

அதே ஆண்டு சமராங் என்ற போர்க்கப்பலில் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தினார்கள். கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டி 1822-இல் நீரில் இறக்கிய கப்பல் அது. நோவா ஸ்கோஷியா வரை போய்த் திரும்பியபோது செம்பு ஏறக்குறைய அரிப்பே இல்லாமல் இருந்தது.

ஆனால் இப்படிக் காக்கப்பட்ட கப்பல்களில் கொட்டலசு மண்டியது. செம்பு கரையும்போதுதான் அதன் நஞ்சு உயிரினங்களை அண்டவிடாமல் செய்தது. கரைவதை நிறுத்தியதும் அந்த நஞ்சும் நின்றுபோனது. 1825-இல், கடலோடும் கப்பல்களிலிருந்து கட்டிகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. டேவியைப் பலரும் ஏளனம் செய்தார்கள். 1829-இல் ஜெனீவாவில் அவர் இறந்தார்.

இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டேவியின் கணிப்பில் பிழையே இல்லை. கரைய வேண்டிய உலோகத்தைக் கரையாமல் காத்துக் கொடுத்ததுதான் வினையானது. கப்பலின் உடல் இரும்பாகி, பிறகு எஃகானபோது நிலைமை தலைகீழானது. எஃகு துளியும் கரையக்கூடாது. டேவியின் கப்பலில் இரும்பு செய்த வேலையை இங்கே துத்தநாகம் செய்கிறது. பெரிய கப்பல்களில் வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தியும் அதே காப்பைத் தருகிறார்கள். செம்பும் விடைபெறவில்லை. செம்பு ஆக்சைடாகப் பெயிண்டில் கலந்து, மெல்லக் கசிந்து கொட்டலசை விரட்டுகிறது. அன்று ஒரே தகட்டிடம் எதிர்பார்த்த இரண்டு வேலைகளை இன்று இரண்டு பொருள்கள் பிரித்துக்கொண்டன.

பழுதுபார்ப்புக்குக் கப்பல் வரும்போதெல்லாம் கட்டிகளைச் சோதிப்பார்கள். பெயிண்ட் அடிக்கும்போது அவற்றை மூடிவைப்பார்கள், ஏனென்றால் பூச்சு பட்ட கட்டி வேலை செய்யாது. நன்றாகத் தேய்ந்ததைக் கழற்றிப் புதியது பொருத்துவார்கள். வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால், அருகில் எங்கேனும் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். தேயவே தேயாமல் புதிதுபோல இருக்கும் கட்டிதான் அவர்களைப் பதறவைக்கும்: எஃகோடு அதன் தொடர்பு அறுந்திருக்கலாம், அதற்குப் பதில் இத்தனை நாளும் கப்பலே தேய்ந்திருக்கலாம்.