பட் ஃபாஸ்டர்

பட் ஃபாஸ்டர் (பிறப்பு 1959) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர். வர்ஜீனியா மாநிலத்தின் பிளாக்ஸ்பர்க் நகரிலுள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் 2019 வரை 33 பருவங்கள் பணியாற்றினார். லைன்பேக்கர்களைப் பயிற்றுவிக்க வந்தவர், 1995இல் தற்காப்பு அணி முழுவதற்கும் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர் ஆனார். உதவிப் பயிற்சியாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊர் மாறுவது இத்தொழிலில் சாதாரணம். ஃபாஸ்டரோ 39 ஆண்டுக்காலத் தொழில்வாழ்வை இரண்டே கல்லூரிகளில், இரண்டே தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் கழித்தார். தலைமைப் பதவி அவருக்குக் கடைசிவரை அமையவில்லை.

தொடக்கம்

கென்டக்கி மாநிலத்தின் சாமர்செட்டில் பிறந்து, இல்லினாய் மாநிலத்தின் நொக்கோமிஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தார். கென்டக்கியின் மர்ரி ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஸ்ட்ராங் சேஃப்ட்டியாகவும் வெளிப்புற லைன்பேக்கராகவும் ஆடினார். அப்போது அங்கே தற்காப்பைக் கவனித்தவர் ஃபிராங்க் பீமர். 1981இல் பீமர் தலைமைப் பயிற்சியாளரானபோது, படிப்பை முடித்திருந்த ஃபாஸ்டரைத் தம்முடனேயே வைத்துக்கொண்டார். பீமர் தாம் படித்த வர்ஜீனியா டெக்குக்கே பொறுப்பேற்கப் போனபோது ஃபாஸ்டரும் உடன் சென்றார். 1987இல் அவருக்கு வயது 27.

போன இடம் வசதியானதல்ல. முந்தைய நிர்வாகத்தின் விதிமீறல்களுக்காக அணியின் உதவித்தொகை இடங்கள் குறைக்கப்பட்டிருந்தன. முதல் பருவத்தில் 2 வெற்றி, 9 தோல்வி. 1992இல் மறுபடியும் 2 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமநிலை. பீமரின் வேலையே ஆட்டம் கண்டது. உதவியாளர்கள் சிலர் மாற்றப்பட்டனர், ஃபாஸ்டர் நீடித்தார். 1993இல் 9 ஆட்டங்களை வென்ற அணி, அதிலிருந்து 2019 வரை 27 பருவங்கள் ஆண்டு தவறாமல் பருவ இறுதி பவுல் போட்டியில் ஆடியது.

லைன்பேக்கர்களும் அவர்களின் வகைகளும்

தற்காப்பில் களமிறங்கும் 11 பேரில், எதிரணியோடு மோதி நிற்கும் முன்வரிசைக்குச் சில கஜம் பின்னால் நிற்பவர்கள் லைன்பேக்கர்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனை மடக்குவது, எறிந்த பந்தைப் பிடிக்க ஓடுபவனைத் தொடர்வது, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மீது பாய்வது ஆகிய மூன்று வேலைகளும் அவர்களுடையவை. பந்து நகர்ந்த கணத்தில் இவற்றுள் எது தன் வேலை என்று முடிவுசெய்ய வேண்டும். லைன்பேக்கர் பயிற்சியாளரின் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு கணத்துக்கானது: எதிரணிக் காவலாளின் முதல் காலடி எந்தப் பக்கம் போகிறது, அதற்கு எந்த இடைவெளியை அடைப்பது என்பதைத் திரும்பத் திரும்பப் படம் பார்த்தும் களத்தில் நடத்தியும் பழக்குவது.

ஃபாஸ்டரின் அமைப்பில் எட்டுப் பேர் முன்னணியில் நிற்பார்கள்: வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னும் பக்கங்களிலும் நால்வர். பின்னால் நிற்கும் நால்வருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நடுவில் நிற்பவர் ‘மைக்’. கட்டளைகளை உரக்கச் சொல்லி மற்றவர்களை நிறுத்துபவர் இவரே. அவருடைய இணை ‘பேக்கர்’. பக்கவாட்டில் ஒருபுறம் ‘விப்’, மறுபுறம் ‘ரோவர்’. விப் பாதி லைன்பேக்கர், பாதி பின்வரிசைக்காரர்; ரோவரில் பின்வரிசைக்குணம் இன்னும் தூக்கல். மர்ரி ஸ்டேட்டில் ஃபாஸ்டர் ஆடியதும் இத்தகைய இடங்களில்தான். உடற்கட்டில் சிறியவர் என்று பிறர் ஒதுக்கிய ஆட்டக்காரர்கள் விப் இடத்தில் பெயர் வாங்கினார்கள். உதவித்தொகையின்றி அணிக்கு வந்த கோடி கிரிம் அங்கே ஆடித்தான் 2010இல் தொழில்முறை அணிக்குத் தேர்வானார். எறிபந்தாட்டம் பெருகிய பிற்காலத்தில் விப்புக்குப் பதில் கூடுதல் கார்னர்பேக் ஒருவரை இறக்கும் வழக்கம் வந்தது. அதற்குள் பெரிய உடலோடு வேகமும் கொண்ட லைன்பேக்கர்களும் வந்துவிட்டார்கள். டிரெமெய்ன் எட்மண்ட்ஸ் 2018இல் முதல் சுற்றிலேயே பஃபலோ பில்ஸ் அணிக்குத் தேர்வானார்.

சாப்பாட்டுப் பெட்டி

1995இல் ஃபாஸ்டருடன் ஒருங்கிணைப்புப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர் ராட் ஷார்ப்லெஸ். இவருடைய மாமியாரிடமிருந்து கிடைத்தது, சுரங்கத் தொழிலாளி ஒருவர் பயன்படுத்திய பழைய உலோகச் சாப்பாட்டுப் பெட்டி. நசுங்கி, துருவேறி இருந்த அது தற்காப்பு அணியின் சின்னமாயிற்று. பருவத்துக்கான இலக்குகள் எழுதி ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட தாள் அதற்குள் இருக்கும். நன்றாக ஆடியவர் அதைத் தூக்கிச் செல்வார். 2007 ஏப்ரல் 16இல் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்த 32 பேரின் பெயர்கள் அந்தப் பருவத்தில் பெட்டிக்குள் வைக்கப்பட்டன.

பெட்டி வந்த ஆண்டிலேயே அணி முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்று, பிறகு மயாமியை 13–7 என வென்று, எஞ்சிய எதிலும் தோற்காமல் ஷுகர் பவுலில் டெக்சாஸை 28–10 எனத் தோற்கடித்தது. 1999இல் வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டத்துக்கான போட்டிக்குப் போனது. மூன்றாம் கால்பகுதி முடிவில் 29–28 என முன்னணியில் இருந்தும், ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 46–29 எனத் தோற்றது. உதைகளைத் தடுத்துப் புள்ளி எடுக்கும் உத்திக்குப் பத்திரிகைகள் ‘பீமர்பால்’ என்று பெயர் சூட்டிக் கொண்டாடின. ஆயினும் இவ்வெற்றிகளின் அடித்தளம் தற்காப்பே. 2006இல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது ஃபாஸ்டருக்குக் கிடைத்தது.

அவருடைய கைவண்ணத்துக்கு 2014 செப்டம்பர் 6 நல்ல சான்று. ஒஹாயோ ஸ்டேட்டின் இளம் குவார்ட்டர்பேக்குக்கு அது இரண்டாவது ஆட்டம். நடுவரிசைக் காவலர்கள் மூவருக்கும் நேர் எதிரே ஆளை நிறுத்தி, பின்னால் காவலுக்கு ஆளே வைக்காமல் முன்னால் நெருக்கினார் ஃபாஸ்டர். ஒருமுறை தவறினால் நேரே புள்ளிதான். தவறவில்லை: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களின் முன் 7 முறை குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டார், 3 எறிகள் பறிபோயின, வர்ஜீனியா டெக் 35–21 என வென்றது. தோற்ற அணிதான் அந்தப் பருவத்தின் தேசிய வாகையர். அதே ஆண்டு நவம்பரில் வேக் ஃபாரஸ்ட் அணியை முழு ஆட்டநேரமும் பூஜ்யத்தில் நிறுத்தினார். தம் அணியும் புள்ளி எடுக்காததால் கூடுதல் நேரத்தில் 6–3 எனத் தோல்வி.

பிற்காலம்

2015 பருவத்தோடு பீமர் ஓய்வுபெற, அடுத்து வந்த ஜஸ்டின் ஃபியுவென்டே ஃபாஸ்டரைத் தக்கவைத்துக்கொண்டார். 2018இல் ஓல்டு டொமினியனிடம் 49 புள்ளிகள் கொடுத்துத் தோற்றது உட்படச் சில சறுக்கல்கள் நேர்ந்தன. 2019 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். அந்த நவம்பரில் பிட்ஸ்பர்கை 28–0 என வென்றது சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். டிசம்பர் 31இல் பெல்க் பவுலில் பிறந்த மாநிலத்தின் கென்டக்கி அணியிடம் 37–30 எனத் தோற்றுப் பணியை முடித்தார். கல்லூரிக் கால்பந்துப் புகழ்க்கூடம் உதவிப் பயிற்சியாளர்களை ஏற்பதில்லையாதலால் 2018இல் அதில் இடம்பெற்ற பீமரோடு அவர் பெயர் சேரவில்லை. பின்னர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பொறுப்பு வகித்தார். அவரிடம் 1990களில் தொழில் பழகிய பிரென்ட் பிரை 2021 இறுதியில் அங்கே தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.