ஐம்பது காசும் ஒரு சைக்கிளும்



வேலை செய்யும் இடத்தில் என்றாவது ஒரு நாள் நம் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். உடன் உழைப்பவர்களின் மானமும் நிலைக்க வேண்டும். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எதைப் பிடிப்பது? 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள்.

அப்போது ஐரோப்பாவில் போர். ரப்பருக்கு நல்ல கிராக்கி. சாமான் விலையும் ஏறியிருந்தது. இந்தியப் பால்மரத் தொழிலாளியின் நாள் கூலியோ ஏறத்தாழ 50 காசு. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே கூலி உயர்வு கேட்டார்கள். ஆனால் கூலியோடு அவர்கள் நிற்கவில்லை.

துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள்.

கடைசிக் கோரிக்கையைக் கவனியுங்கள். மற்றவை தோட்ட நிர்வாகம் தர வேண்டியவை. இதுவோ தொழிலாளர் தாமே விட்டுக்கொடுக்க முன்வந்தது. உழைத்துக் களைத்தவனுக்கு மாலையில் இருந்த பொழுதுபோக்கையும் குடும்பங்களின் நலனுக்காக வேண்டாம் என்றார்கள்.

கூலியில் சிறிது உயர்வு கிடைத்தது. அத்தோடு இருந்திருக்கலாம். மே மாதம், அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அது தெரிந்தே நின்றார்கள். மே 16-இல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தயங்கியவர்களும் அன்று இருந்திருப்பார்கள். அவர்களைக் கோழைகள் என்று நாம் சொல்ல வேண்டாம். குடும்பத்தைக் காப்பதும் அறமே. ஆனால் பொது நலம் என்று பேசுகிறவர், தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறரை மட்டும் இழக்கச் சொல்வது நியாயமாகாது. கள்ளுக்கடையை மூடச் சொன்ன அந்தத் தொழிலாளர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுதான்.

இன்று இரவு சாப்பிடும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது என்று அவர்களும் அறியட்டும்.