தண்டவாளம் போன பிறகும் தங்கிய தடம்: ஃபென்பான் ரயில்பாதை சைக்கிள் வழியான வரலாறு

ஜெர்மனியின் ரொட்கென் கிராமத்தைத் தாண்டித் தெற்கு நோக்கி சைக்கிள் மிதிப்பவருக்கு இடப்பக்கம் ஜெர்மனி. வலப்பக்கம் வரிசையாகத் தெரியும் வீடுகளும் ஜெர்மனிதான். ஆனால் சக்கரத்துக்கு அடியில் ஓடும் சில மீட்டர் அகலத் தார்ப்பாதை மட்டும் பெல்ஜிய மண். வேலி இல்லை, சோதனைச் சாவடி இல்லை. புல்லுக்குள் புதைந்து நிற்கும் எல்லைக்கல்லைக் கவனிக்காவிட்டால் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குள் வந்ததே தெரியாது.

ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கி, கிழக்கு பெல்ஜியத்தின் சதுப்புமேடுகளையும் காடுகளையும் கடந்து, வடக்கு லக்சம்பர்க்கின் ட்ருவாவியெர்ஜ் ஊரில் முடிகிறது இந்தப் பாதை. நீளம் 125 கிலோமீட்டர். பெயர் ஃபென்பான். ‘ஃபென்’ என்பது அந்தச் சதுப்புமேட்டின் பெயர்; ‘பான்’ என்றால் ரயில்பாதை. கார், லாரித் தொல்லை இல்லாமல் நாள்கணக்கில் நாட்டுப்புறத்தில் சைக்கிளில் செல்ல விரும்புவோருக்கு மேற்கு ஐரோப்பாவில் அமைந்த மிகச் சிறந்த வழிகளில் இதுவும் ஒன்று.

இந்த அமைதியை உண்டாக்கியவை இரும்புத் தொழிலும், இரண்டு உலகப் போர்களும், ஓர் அமைதி உடன்படிக்கையும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். இன்று பயணி அனுபவிக்கும் மென்மையான ஏற்றமும், அறுபடாத தொடர்ச்சியும், தடத்தின் ஒற்றை உரிமையும் சுற்றுலாவுக்காகத் திட்டமிடப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு காரணத்துக்காக, பெரும்பாலும் கசப்பான காரணத்துக்காக, உருவானது.

இரும்புக்காக இட்ட பாதை

லக்சம்பர்க்கிலும் லொரேன் பகுதியிலும் இரும்புத்தாது ஏராளமாக இருந்தது. ஆனால் அதில் பாஸ்பரஸ் அதிகம். நல்ல எஃகு செய்ய உதவாது என்று நெடுநாள் ஒதுக்கப்பட்டிருந்தது. 1870-களின் இறுதியில் இங்கிலாந்தின் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் பாஸ்பரஸை நீக்கும் உருக்குமுறையைக் கண்டுபிடித்ததும் நிலைமை தலைகீழானது. ஆகன் வட்டாரத்தில் நிலக்கரியும் உருக்காலைகளும் இருந்தன. தெற்கே தாது இருந்தது. இரண்டுக்கும் நடுவே, குளிரும் மழையும் மிகுந்த, மக்கள் குறைந்த சதுப்புமேடு கிடந்தது.

பிரஷ்ய அரசு 1880-களில் இந்த மேட்டின் மீது ரயில்பாதை அமைத்தது. 1885-ல் ஆகனிலிருந்து மொன்ஷாவ் வரை ரயில் ஓடியது. படிப்படியாக நீண்டு 1889-ல் அது லக்சம்பர்க்கைத் தொட்டது. தாது நிரம்பிய கனத்த வண்டிகளை நீராவி எஞ்சின் இழுத்தாக வேண்டும். அதனால் பொறியாளர்கள் மலையை நேரடியாக ஏறவில்லை. பள்ளத்தில் மண்மேடு எழுப்பி, மேட்டில் வெட்டுவழி தோண்டி, ஆற்றின் வளைவைப் பின்தொடர்ந்து தடத்தைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலான இடங்களில் சாய்வு 2 சதவீதத்தைத் தாண்டாது. எஞ்சினுக்குச் செய்த அந்தச் சலுகை, நூறாண்டு கழித்து மனிதக் கால்களுக்குக் கிடைத்தது.

படைகள் ஏறிய வண்டிகள்

தாது வண்டி செல்லும் பாதையில் பீரங்கியும் செல்லும் என்பதை பிரஷ்ய ராணுவம் சீக்கிரமே உணர்ந்தது. பாதை இரட்டை வழியாக்கப்பட்டது. சூர்ப்ரோட் நிலையத்துக்கு அருகே, எல்சன்போர்னில் 1890-களில் பெரிய பயிற்சி முகாம் எழுந்தது. 1912-ல் வைவெர்ட்ஸிலிருந்து கிழக்கே யுங்கெராத் வரை ஒரு குறுக்குப்பாதை திறக்கப்பட்டது. ரைன் பகுதியிலிருந்து படைகளை மேற்கு எல்லைக்கு விரைவாகக் கொண்டுசேர்ப்பதே அதன் முக்கிய நோக்கம்.

ஃபென்பானின் தென்முனையான ட்ருவாவியெர்ஜில்தான் முதல் உலகப் போரின் மேற்குமுனை நடவடிக்கை தொடங்கியது. 1914 ஆகஸ்ட் 1, மாலை சுமார் 7 மணி. லெஃப்டினன்ட் ஃபெல்ட்மன் தலைமையில் ஜெர்மன் வீரர்கள் மோட்டார் வண்டிகளில் வந்து இறங்கி ரயில் நிலையத்தையும் தந்தி அலுவலகத்தையும் கைப்பற்றினார்கள். சிறிது நேரத்தில் இன்னொரு குழு வந்து, தவறு நேர்ந்துவிட்டது, திரும்புங்கள் என்றது. திரும்பினார்கள். மறுநாள் காலை முழுப் படையும் நடுநிலை நாடான லக்சம்பர்க்குக்குள் நுழைந்தது.

அடுத்த நான்கு ஆண்டுகள் ஃபென்பான் முனைக்கு ஆட்களையும் வெடிபொருளையும் சுமந்தது. திரும்பும்போது காயம்பட்டவர்களைச் சுமந்தது. போர் நீள நீளக் கிளைப்பாதைகள் தேவைப்பட்டன. சாங்க்ட் ஃபித் நகரிலிருந்து பெல்ஜியத்தின் கூவிக்கு 1917-ல் ஒரு பாதை முடிக்கப்பட்டது. போர்ன் கிராமத்தில் வரிசையாகக் கமான்கள் கொண்டு உயர்ந்து நிற்கும் ரயில் பாலமும் அதே காலத்தது. ரஷ்யப் போர்க்கைதிகளின் உழைப்பில் எழுந்தது அது. அந்தப் பக்கம் செல்லும் பயணி பாலத்தின் அழகை மட்டும் படமெடுத்துக்கொண்டு போவது அந்தக் கைகளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

1920: ஒரு தீர்ப்பும் நிலத்தீவுகளும்

வெர்சாய் உடன்படிக்கை ஒய்பென், மால்மெதி மாவட்டங்களை ஜெர்மனியிடமிருந்து எடுத்து பெல்ஜியத்துக்குக் கொடுத்தது. மக்கள் கருத்தைக் கேட்க 1920-ல் பதிவேடுகள் திறந்துவைக்கப்பட்டன. ஆனால் அது ரகசிய வாக்கெடுப்பு இல்லை. எதிர்ப்பவர் அதிகாரிகள் முன் வந்து தன் பெயரைப் பதிய வேண்டும். உரிமை பெற்றிருந்த 33,726 பேரில் 271 பேர்தான் பெயர் எழுதினார்கள். அந்தச் சிறிய எண்ணிக்கையைச் சம்மதம் என்று வாசிப்பதைவிட அச்சத்தின் அளவாக வாசிப்பதே பொருத்தம்.

அடுத்த கேள்வி ரயில்பாதை. ஒய்பென் பகுதியையும் மால்மெதி பகுதியையும் இணைத்தது ஃபென்பான். ஆனால் நடுவில் அது மொன்ஷாவ் மாவட்டத்துக்குள், அதாவது ஜெர்மனிக்குள், புகுந்து வெளியேறியது. இந்த இணைப்பு இல்லாமல் புதிய மாவட்டங்களை நிர்வகிக்க முடியாது என்று பெல்ஜியம் வாதிட்டது. எல்லை ஆணையம் அதை ஏற்று, தடத்தையும் நிலையங்களையும் பெல்ஜியத்துக்கே ஒதுக்கியது. தடத்துக்கு மேற்கே இருந்த ஜெர்மன் ஊர்கள் தாய்நாட்டிலிருந்து ஒரு ரயில்பாதையின் அகலத்தால் துண்டிக்கப்பட்டன.

இன்றும் அப்படி ஐந்து நிலத்துண்டுகள் உள்ளன: மூன்ஸ்டர்பில்ட்ஷென், ரொட்கெனர் வால்ட், ருக்ஷ்லாக், மூட்செனிக், ருய்ட்ஸ்ஹோஃப். மூட்செனிக் ஒரு முழுக் கிராமம். ருக்ஷ்லாக்கோ ஒரு வீடும் அதைச் சுற்றிய தோட்டமும்தான். தன் நாட்டுக் கடைவீதிக்குப் போக வேறொரு நாட்டைக் கடக்க வேண்டிய நிலை அந்த வீட்டுக்கு.

1940 மே மாதத்தில் ஹிட்லர் இந்த மாவட்டங்களை மீண்டும் ஜெர்மனியோடு சேர்த்தபோது எல்லை அழிந்தது. 1945-ல் திரும்பி வந்தது.

பழிவாங்கிய பாலம்

வால்ஹைமுக்கும் ரொட்கெனுக்கும் இடையே பாதையோரத்தில் கான்கிரீட் கூம்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பாசி படர்ந்து, இடுக்குகளில் மரக்கன்றுகள் முளைத்துவிட்டன. டாங்கிகளைத் தடுக்க 1930-களின் இறுதியில் ஹிட்லரின் அரசு எழுப்பிய மேற்கு அரணின் பகுதி இது. ‘டிராகன் பற்கள்’ என்று பெயர். 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் 3-வது கவசப் படைப்பிரிவு ரொட்கெனுக்குள் நுழைந்தது. நேச நாட்டுப் படைகளின் கையில் விழுந்த முதல் ஜெர்மன் ஊர்களில் ஒன்று அது. பின்வாங்கிய ஜெர்மன் படை, எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று பாலங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது.

அந்த வெடி மூன்று மாதம் கழித்து வைத்தவர்களையே திருப்பித் தாக்கியது. டிசம்பர் 16 அதிகாலை ஆர்டென் காடுகளில் ஜெர்மனியின் கடைசிப் பெரும் தாக்குதல் தொடங்கியது. முன்னணியில் பாய வேண்டியது யோவாகிம் பைப்பரின் டாங்கிப் படை. லோஸ்ஹைம் அருகே அதன் சாலை 1912-ன் குறுக்குப்பாதையைக் கடக்கிறது. ரயில்வழிக்கு மேலே இருந்த சாலைப் பாலம் செப்டம்பரில் தகர்க்கப்பட்டது, இன்னும் சரிசெய்யப்படவில்லை. டாங்கி, லாரி, குதிரை இழுக்கும் பீரங்கி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கின. கடைசியில் டாங்கிகள் பாலத்தின் ஓரமாகச் சரிவில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி ஏறின. அதே பகலில், பக்கத்து லான்ட்செராத் கிராமத்தில் லெஃப்டினன்ட் லைல் பௌக்கின் 18 அமெரிக்க வீரர்களும், அவர்களோடு சேர்ந்த 4 பீரங்கிப்படைக் கண்காணிப்பாளர்களும் நூற்றுக்கணக்கான ஜெர்மன் வான்குடை வீரர்களை அந்தி சாயும்வரை தடுத்து நிறுத்தினார்கள். மணிக்கணக்கில் போட்ட திட்டத்தில் ஒரு பகல் போய்விட்டது.

சாங்க்ட் ஃபித் ரயிலும் சாலையும் கூடும் நகரம், அதனாலேயே அழிந்தது. அமெரிக்கப் படை சில நாள் காத்து நின்ற பிறகு டிசம்பர் 21 இரவு அது ஜெர்மனியர் கைக்குப் போனது. கிறிஸ்துமஸ் நாளிலும் மறுநாளும் முதலில் அமெரிக்க, பிறகு பிரிட்டிஷ் விமானங்கள் அதன் மேல் குண்டுமழை பொழிந்தன. பழைய நகரத்தின் நினைவாக இன்று நிற்பது பெரும்பாலும் பியூஷெல் கோபுரம் ஒன்றே.

காப்பி மூட்டையும் கடைசி ரயிலும்

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் காப்பி மீது கடும் வரி. பெல்ஜியத்தில் அதே காப்பி மலிவு. தடத்தின் வளைவுகளை அறிந்த எல்லையோர மக்கள் இரவில் மூட்டை சுமந்தார்கள். சுங்கத் துறையினர் சுட்டதில் உயிர்களும் போயின. போரில் சிதைந்த ஷ்மிட் ஊரின் தேவாலயம் கடத்தல் காப்பிப் பணத்தில் மீண்டும் எழுந்தது என்பதால் ‘புனித மோக்கா’ என்ற செல்லப்பெயர் அதற்கு இன்றும் உண்டு. 1953-ல் வரி குறைக்கப்பட்டதும் இந்த வியாபாரம் படுத்தது.

ரயிலின் நிலையும் இறங்குமுகமாகவே இருந்தது. போரில் உடைந்த பகுதிகள் முழுமையாக மீளவில்லை. லாரி சரக்கை எடுத்துக்கொண்டது. 1990 முதல் 2001 வரை சுற்றுலா ரயில் ஓடிப் பார்த்தது, நிலைக்கவில்லை. அதன்பின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

அப்போதுதான் 1920-ன் தீர்ப்பு எதிர்பாராத பலன் தந்தது. ஐரோப்பாவில் கைவிடப்பட்ட எத்தனையோ ரயில்தடங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வயலாகவும் கொட்டகையாகவும் மாறின. ஃபென்பான் ஜெர்மனிக்குள் ஓடும் இடத்திலும் அதன் மண் ஒரே நாட்டின் கையில் இருந்தது. பெல்ஜியத்தின் வலோனியா அரசு 1995-லேயே ‘ரவெல்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பழைய ரயில்தடங்களையும் கால்வாய்க் கரைகளையும் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் தனிவழியாக்கும் திட்டம் அது. ரயில் போனதால் இனி அந்த நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது, எல்லை இருந்தபடியே இருக்கட்டும் என்பதே முடிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றிய நிதியும் மூன்று நாட்டு உள்ளூர் நிர்வாகங்களின் உழைப்பும் சேர, 2013-ல் முழுப் பாதையும் தொடர்வழியாயிற்று.

குறுக்குப்பாதையும் கூவிப் பாதையும் கூட இன்று சைக்கிள் வழிகள். பாதைகள் கிளைத்த வரிசையிலேயே பயணத் திட்டமும் கிளைக்கிறது: போர் தேவைப்பட்ட இடமெல்லாம் இன்று விடுமுறைக் குடும்பங்கள் திரும்பிச் செல்லும் சந்திகள்.

தென்முனையை நெருங்கும்போது ஓர் இடத்தில் மட்டும் இந்தத் தொடர்ச்சி விலகுகிறது. லெங்கெலர் அருகே மலையைக் குடைந்த 790 மீட்டர் சுரங்கம் வௌவால்களின் குளிர்கால உறைவிடமாக விடப்பட்டிருக்கிறது. பாதை மலைமேல் ஏறிச் சுற்றுகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் சிரமம் தெரியாமல் வந்தவர் அங்கே கியரைக் குறைத்து, மூச்சு வாங்கி மிதிக்கிறார். சிலர் இறங்கித் தள்ளுகிறார்கள். பிறகு இறக்கம். கீழே ட்ருவாவியெர்ஜ் நிலையத்தில் ரயில் இன்னும் ஓடுகிறது. 2020 முதல் லக்சம்பர்க்கில் பொதுப் போக்குவரத்து இலவசம் என்பதால், ஃபெல்ட்மனின் வீரர்கள் கைப்பற்றிய அந்த நிலையத்தில் பயணி டிக்கெட் எடுக்காமலே சைக்கிளைத் தூக்கி வைத்துக்கொண்டு தெற்கே போகிற வண்டியில் ஏறுகிறார்.