இம்பர்: குடிகள் இல்லாத ஊரின் திருநாள்

இங்கிலாந்தின் பிராந்தியப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்குக் கிராமச் செய்திப் பத்தி கண்ணில் படாமற் போகாது. அறுவடைத் திருநாள் இன்ன ஞாயிற்றுக்கிழமை, மலர்க் கண்காட்சி இன்ன மண்டபத்தில், தேவாலயக் கூரைக்கு நிதி சேர்க்கும் தேநீர் விருந்து இத்தனை மணிக்கு என்று அப்பத்தி நீளும். பிராந்திய நிருபர்கள் அனுப்பும் கோவில் திருவிழாச் செய்திகளையும் சனசமூக நிலைய ஆண்டுவிழாச் செய்திகளையும் பல காலம் மேசையிலிருந்து செப்பனிட்டவன் என்ற வகையில், இத்தகைய சிறு செய்திகளின் மீது எனக்கு ஒரு பற்று உண்டு. தலையங்கம் எழுதுவோர் அவற்றை இடம் நிரப்பிகள் என்பர். அந்த ஊரில் பிறந்து எங்கோ வாழ்பவன் முதலில் தேடி வாசிப்பது அவற்றைத்தான்.

அத்தகைய செய்திகளில் வில்ட்ஷயர் மாவட்டத்தின் இம்பர் என்ற ஊரின் பெயரும் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றது. செப்டெம்பர் முதலாந் திகதியை ஒட்டிப் புனித ஜைல்ஸ் திருநாள் வழிபாடு, ஆகஸ்ட் மாதத்தில் பழைய பஸ் வண்டிகள் ஓடும் ஒரு நாள், ஆண்டு முடிவில் நத்தார் கரோல் ஆராதனை. எந்த ஆங்கிலக் கிராமத்துக்கும் பொருந்தக்கூடிய செய்திகளே இவை. ஒரேயொரு வேறுபாடு, இம்பரில் எவரும் குடியிருப்பதில்லை. 1943 டிசெம்பருக்குப் பின்னர் அந்த ஊரில் ஓர் அடுப்பேனும் எரிந்ததில்லை.

ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பெருங்கற் சின்னத்தால் உலகறிந்த சாலிஸ்பரி சமவெளியில், மேடுகளுக்கிடையே ஒரு சிறு பள்ளத்தில் அமைந்தது இம்பர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் அதன் பெயர் உள்ளது. ஒற்றைத் தெரு, தெருவை ஒட்டி ஓடிய சிற்றோடை, ஆட்டு மந்தைகள், தானிய வயல்கள். ஊருக்கு மேல் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்த புனித ஜைல்ஸ் தேவாலயம். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 440 பேர் இருந்தனர். அதுவே உச்சம். 1901இல் 261 பேர், 1931இல் 152 பேர் எனத் தொகை தேய்ந்தது. வேளாண்மை நலிந்து இளைஞர் பட்டினங்களுக்குப் போன காலம் அது. யுத்தம் வருமுன்னரே ஊர் மெலிந்து விட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்தப் பழைய இம்பரிலும் செய்திக்குக் குறைவிருக்கவில்லை. 1839 அக்டோபர் 21ஆந் திகதி மாலை, இம்பரைச் சேர்ந்த டீன் என்ற விவசாயி டிவைசிஸ் பட்டினத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் நான்கு கொள்ளையர் மறித்துப் பணத்தைப் பறித்தனர். மனிதர் சும்மா இருக்கவில்லை. ஆள் திரட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் சமவெளியெங்கும் துரத்தினார். கொள்ளையரில் ஒருவன் ஓடிய ஓட்டத்திலேயே விழுந்து இறந்தான். மற்ற மூவரும் பின்னர் பிடிபட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். கொள்ளை நடந்த இடத்திலும் கள்வன் விழுந்த இடத்திலும் பொதுமக்கள் பணம் சேர்த்துக் கல் நாட்டினார்கள். இனியும் இவ்வழியில் திருட நினைப்பவனுக்கு எச்சரிக்கை என்ற பொருளில் எழுத்தும் பொறித்தார்கள். கற்கள் நிலைத்து விட்டன. ஊரைப் பறிகொடுத்தபோது துரத்துவதற்குக் கள்வன் எவனும் இருக்கவில்லை, எல்லாம் சட்டப்படியே நடந்தது.

சாலிஸ்பரி சமவெளியில் பிரித்தானிய யுத்த அமைச்சு காணி வாங்கத் தொடங்கியது 1897இல். பீரங்கிகளின் எட்டுதூரம் கூடக்கூட அமைச்சின் காணிப் பசியும் கூடியது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அது இம்பரை அடைந்தது. விளைபொருளுக்கு விலையில்லாத அக்காலத்தில், காணிக்கு நல்ல விலை தர ஆயத்தமாக இருந்த ஒரே கொள்வனவாளர் அரசாங்கந்தான். பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. விற்றவர்களே குறைந்த வாடகைக்குக் குத்தகையாளராகத் தொடர்ந்தும் இருக்கலாம் என்ற ஏற்பாடு எவருக்கும் கசக்கவில்லை. தேவைப்பட்டால் வெளியேற்றும் உரிமை அமைச்சுக்கு உண்டு என்ற வாசகம் உடன்படிக்கையில் இருந்தது. காலையில் எழுந்து அதே மாட்டைக் கறந்து அதே வயலை உழுகிறவன் அவ்வாசகத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பான்? இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது தேவாலயம், குருமனை, பப்டிஸ்த் சிற்றாலயம், பாடசாலைக் கட்டடம், பெல் என்ற மதுவிடுதி ஆகியவை தவிர ஏறக்குறைய ஊர் முழுவதும் யுத்த அமைச்சின் சொத்தாகியிருந்தது.

யுத்தம் வந்ததும் பயிற்சி தீவிரமடைந்தது. 1942 ஏப்ரல் 13ஆந் திகதி இம்பர்ப் பயிற்சிப் பரப்பில் நடந்த ஒத்திகையொன்றில் ஹரிக்கேன் விமானமொன்று பார்வையாளரை இலக்கு எனப் பிழையாக எண்ணிச் சுட்டதில் 25 பேர் மாண்டனர். அதற்குப் பிறகும் ஊரவர் ஊரிலேயே இருந்தனர்.

1943 நவெம்பர் முதலாந் திகதி அவர்களைப் பாடசாலைக்கு அழைத்தார்கள். ஐரோப்பாவின் மீது படையெடுப்பதற்கு முன்னர் அமெரிக்கத் துருப்புகள் தெருச் சண்டை பழக வேண்டும், அதற்கு ஊர் தேவை என்று அங்கு தெரிவிக்கப்பட்டது. வெளியேற 47 நாள் அவகாசம். டிசெம்பர் 17க்குள் எவரும் இருக்கக் கூடாது. நத்தாருக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தன.

ஏறத்தாழ 150 பேர் போனார்கள். பெரிதாக எதிர்ப்பு எழவில்லை. ஒரு விவசாயியை மட்டும் இராணுவம் பலவந்தமாக வெளியேற்ற நேர்ந்தது என்பர். ஏனையோர் இதைத் தமது யுத்தக் கடமை எனக் கருதினர். வருகிற படையினர் உண்ணட்டும் என்று அடைத்த உணவு வகைகளை அடுக்களையில் விட்டுப் போனவர்களும் இருந்தனர். நட்டஈடு சொற்பம். சொந்தக் காணி இல்லாதவனுக்குக் காணி நட்டஈடு எங்கிருந்து வரும்? இம்பர் பற்றி எழுதுவோர் எல்லோரும் ஊர்க் கொல்லரின் கதையைச் சொல்வார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலை நடத்தியவர், அறிவித்தல் வந்தபின் பட்டடையின் மீது சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாராம். வெளியேறிச் சில வாரங்களில் அவர் காலமானார். அடக்கம் செய்வதற்காக அவருடல் இம்பருக்குக் கொண்டுவரப்பட்டது. இம்பருக்குத் திரும்பியவர்களில் அவரே முதல்வர்.

யுத்தம் முடிந்ததும் திரும்பலாம் என்றே ஊரவர் நம்பினர். அப்படியொரு வாக்குறுதி வாய்மொழியாகத் தரப்பட்டது என்பதில் அவர்கள் கடைசிவரை உறுதியாக நின்றனர். எழுத்தில் அதைக் காட்டத்தான் அவர்களால் இயலவில்லை. யுத்தம் 1945இல் முடிந்தது. பயிற்சி முடியவில்லை. ஊரின் பெரும் அழிவு அமெரிக்கர் காலத்தில் நேர்ந்ததன்று, அதற்குப் பின்வந்த சமாதான காலத்துப் பயிற்சிகளாலும் மழை வெயிலாலும் நேர்ந்ததே என்று சாட்சி சொல்வோர் உளர். தேவாலயத்தில் கிடந்த பதினான்காம் நூற்றாண்டு வீரர்களின் கற்சிலைகள்கூட 1950களில் அயலூரான எடிங்டன் தேவாலயத்துக்கு இடம்பெயர்ந்தன.

இதே டிசெம்பரில், இரண்டு நாள் கழித்து, டோர்செட் மாவட்டக் கடலோரத்தில் டைன்ஹாம் என்ற ஊரும் இவ்வாறே வெறுமையாக்கப்பட்டது. அங்கும் எவரும் திரும்பவில்லை. இந்த வரிகளை வாசிக்கும்போது நம்மவர் மனதில் வேறு ஊர்ப் பெயர்கள் எழுமாயின் அதற்கு நான் பொறுப்பாளியல்லன்.

1961 வரை இம்பர் பற்றிப் பெரிய பேச்சில்லை. அவ்வாண்டு ஜனவரி 22ஆந் திகதி, ஒஸ்ரின் அன்டர்வூட் என்ற உள்ளூராட்சி உறுப்பினரின் முன்னெடுப்பில் 2000க்கும் மேற்பட்டோர் தடைசெய்யப்பட்ட பரப்புக்குள் நுழைந்து இம்பர்த் தெருவில் கூடினர். பழைய குடிகளோடு, வழியுரிமைக்காகப் போராடுவோரும் வேறு ஊரவரும் வந்திருந்தனர். பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் அசைந்தது, பொது விசாரணை ஒன்றும் நடந்தது. முடிவு இராணுவத்துக்கே சாதகமாயிற்று. ஆனால் ஒரு விட்டுக்கொடுப்புக் கிடைத்தது: தேவாலயம் பேணப்படும், ஆண்டுக்கொரு முறை, புனித ஜைல்ஸ் திருநாளுக்கு மிக அண்மிய சனிக்கிழமையில், அங்கு வழிபாடு நடத்தலாம்.

இந்த விட்டுக்கொடுப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். வீடு கேட்டுப் போனவர்களுக்குக் கோவிலைக் காட்டி அனுப்பினார்கள் என்று கோபப்படுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆயினும் மக்கள் இன்று உள்ளே சென்று நிற்கக்கூடிய இடம் எது என்று பாருங்கள். 1930களில் விற்கப்படாத அதே தேவாலயமும் அதன் மயானமுமே. பண்ணை வீடுகள் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டவை. தேவாலயத்தை எவரும் விற்கவில்லை. இம்பரின் குடிகள் ஊரை இழந்த நாள் 1943 டிசெம்பர் 17 என்றே எல்லோரும் எழுதுகின்றனர். அது அவர்கள் வெளியேறிய நாள். இழந்தது அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், நல்ல விலைக்குக் கையெழுத்திட்ட மேசையில் என்பது என் கருத்து. விற்றவர்களைக் குறை சொல்ல நான் துணியவில்லை. கையெழுத்திட்டவன் பண்ணை உரிமையாளன், ஊரைத் துறந்ததோ கொல்லனும் கூலியாளும் அவர்கள் பிள்ளைகளும். அவர்களை அந்த மேசைக்கு எவரும் அழைக்கவில்லை.

பிறகு ஆண்டுதோறும் வந்தார்கள். வெளியூர்களில் குடியேறிவிட்டவர்கள் தம் பிள்ளைகளையும் பேரர்களையும் அழைத்துக்கொண்டு, கல்லறைகளில் புல் பிடுங்கி, பூ வைத்து, பாட்டுப் பாடிவிட்டு, மாலையில் திரும்பினார்கள். தேவாலயத்தைச் சுற்றி உயர்ந்த கம்பி வேலி. அதற்கு வெளியே வெடிக்காத குண்டுகள் உண்டு, பாதையை விட்டு விலகாதீர் என்ற பலகைகள். 1970களில் வட அயர்லாந்துக்குப் போகும் படையினரின் பயிற்சிக்காக, கதவும் யன்னலும் அற்ற வெற்று வீடுகளை இராணுவம் அங்கு கட்டியது. புதிதாக வருபவர் பலர் அவற்றையே பழைய இம்பர் என எண்ணிப் படம் பிடிப்பதுண்டு. 1980களின் பிற்பகுதியில் கோப்ஹில் டவுன் என்ற இடத்தில், தெருச் சண்டைக்கென்றே ஒரு செயற்கைக் கிராமத்தையும் இராணுவம் அதே சமவெளியில் அமைத்துக்கொண்டது. சண்டை பழக ஓர் ஊர் தேவை என்று 1943இல் கூறப்பட்ட காரணத்துக்கு வேறு இடம் கிடைத்த பின்னரும் இம்பர் திறக்கப்படவில்லை. சுற்றியுள்ள சுடுபரப்பு வேண்டும் என்பது பதில்.

தேவாலயம் 2005இல் பழைய ஆலயங்களைப் பேணும் அறக்கட்டளையொன்றின் பொறுப்பில் வந்து திருத்தப்பட்டது. அதன் கோபுரச் சுவரில், மணியடிப்பவர்கள் எந்த மணியை எந்த முறையில் அடிக்க வேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டில் தீட்டிய அட்டவணை இன்றும் தெரிகின்றது. எண்களின் வரிசைகள் மட்டுமே. அடிப்பதற்குக் கைகள் இருந்த ஊர் என்பதற்கு, என்னளவில், வேறு எந்தச் சாசனமும் வேண்டியதில்லை.

2009இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. இலண்டன் போக்குவரத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த பீற்றர் ஹென்டியும் பஸ் வண்டிகளில் பித்துக் கொண்ட அவர் நண்பர்களும், ஒரு நாளுக்கு மட்டும் வார்மின்ஸ்டர் புகையிரத நிலையத்திலிருந்து இம்பருக்கு முறைப்படி பதிவுசெய்த பஸ் சேவையொன்றை நடத்தினர். இலக்கம் 23ஏ. இலண்டனின் சிவப்பு இரட்டைத் தட்டு வண்டிகள் சமவெளியின் குறுக்கே ஊர்ந்தன. அது ஆண்டு விழாவாகவே வளர்ந்து, ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. சேரும் பணம் தேவாலயத்துக்கும் நற்பணிகளுக்கும் போகின்றது. ஹென்டி பின்னர் பிரபுக்கள் சபை உறுப்பினராகி, 2024இல் புகையிரதத் துறை அமைச்சருமானார்.

பழைய குடிகளின் சனிக்கிழமையை வேடிக்கை பார்ப்போரின் சனிக்கிழமை விழுங்கிவிட்டது என்று குறைப்படுவோர் உண்டு. அக்குறையை நான் முற்றாகத் தள்ளவில்லை. தேவாலய வாசலில் தேநீரும் கேக்கும் வாங்கி உண்டு, பஸ்ஸின் முன் நின்று படமெடுத்துப் போகிறவர்களில் எத்தனை பேர் கொல்லரின் கல்லறையைத் தேடுகிறார்கள்? ஆனால் 1943இல் இளைஞராய் இருந்தவர்கள் மறைந்து, அன்று மடியில் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளே எண்பது கடந்த முதியவர்களாகிவிட்டனர். அவர்களுக்குப் பின் அந்த வழிபாட்டுக்கு யார் வருவார்? பஸ் வண்டியைப் பார்க்க வந்த சிறுவன், இங்கே ஏன் ஒருவரும் இல்லை என்று தந்தையைக் கேட்பான். அக்கேள்விக்குத் தந்தை ஒரு விடை சொல்லியே ஆக வேண்டும். ஊரவரின் மனுக்களால் இயலாததை அந்தச் சிவப்பு வண்டிகள் செய்கின்றன.

ஈஸ்டர், ஆகஸ்ட், நத்தார் காலங்களில் சில நாட்கள் வீதி திறக்கப்படுகின்றது. ஆண்டுக்கு ஐம்பது நாள் வரையே அனுமதி. பாடி முடிந்து, மெழுகுதிரிகளை அணைத்து, கதவைப் பூட்டியபின் எல்லோரும் வண்டிகளில் ஏறுகின்றனர். அடுத்து வரும் சுடுநாளில் சமவெளியின் ஓரமெங்கும் செங்கொடிகள் ஏறுகின்றன.