கரண்ட் வைக்கிற பெட்டி

பொழியூர்க் கடற்கரையில் எப்போதாவது வலையில் மின்திருக்கை சிக்கும். தொட்டால் கை மரத்துவிடும். முதல் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் இந்த ரக மீனைத்தான் கால் வாதக்காரர்களை மிதிக்கச் சொன்னார். நெய்யாற்றின்கரை பக்கம் பிசியோதெரபி அறையில் இருக்கும் கரண்ட் வைக்கிற பெட்டிக்கு இந்த மீனே பாட்டன்.

1791-இல் கால்வானி தவளைக்கால் துள்ளியதை எழுதினார். 1831-இல் ஃபாரடே காந்தத்திலிருந்து மின்சாரம் எடுத்தார். பாரிஸ் மருத்துவர் டுஷேன்தான் அந்த மின்சாரம் பாயும் ஈரமான முனைகளைத் தோல்மேல் வைத்து, ஊசி குத்தாமலே குறிப்பிட்ட தசையை மட்டும் அசைத்துக் காட்டினார். 1961-இல் மருத்துவர் லிபர்சன் அதைச் செருப்போடு சேர்த்தார்: பக்கவாதக்காரர் குதிகாலைத் தூக்கியதும் விசை இயங்கும், தொங்கிய பாதம் நிமிரும்.

பாறசாலைப் பக்கம் எல்லாமே ‘கரண்ட் வைக்கிறது’தான். வலிக்கு வைப்பது வேறு, தசைக்கு வைப்பது வேறு. பல பெட்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் இந்தக் குழப்பம் தீராது.

நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தசைக்கு வைப்பதுதான் வேண்டும். நாலடி நடந்தால் இளைக்கிறவர் உட்கார்ந்துவிடுவார். உட்கார உட்காரத் தொடை வற்றும். வற்றிய காலோடு எழுந்தால் முன்னைவிடச் சீக்கிரம் இளைக்கும். முட்டிக்கு மேலே இரண்டு பேடு ஒட்டிக் குமிழைத் திருகினால் முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு தொடை தானாக இறுகி, சில நொடியில் தளரும். மூச்சு பெரிதாக வாங்காது, காலுக்கு வேலை நடந்துவிடும்.

2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு இதைப் பற்றிய 18 ஆய்வுகளை, மொத்தம் 933 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. தொடை வலு கூடியிருந்தது. ஆறு நிமிட நடையில் சராசரியாக 35 மீட்டர் கூடுதல். சான்றின் தரம் குறைவு என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்கு 35 மீட்டர் அற்பமாகத் தெரியவில்லை. நம் ஊர் வீட்டில் கட்டிலிலிருந்து கிணற்றடி போய்த் திரும்பலாம். நடக்க முடிகிறவர் இதை நம்பி நடையை விடுவதுதான் அபத்தம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குத் தோல் சுட்டாலும் தெரியாது.

ஆனால் மூச்சு முட்டுகிறவரை ஆட்டோவில் ஏற்றி, படியேற்றிக் கொண்டுவந்து கரண்ட் வைத்தால் அந்த 35 மீட்டர் வழியிலேயே செலவாகிவிடும். 2008-இல் பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) கொள்கை வகுத்த கேரளத்தில் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவர் பையில் இந்தப் பெட்டியும் ஏறட்டும், வீட்டார் ஒட்டப் பழகட்டும். பேடில் பசை போனால் புதிது வாங்கும் காசை மட்டும் பஞ்சாயத்து முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.