சாங்கிக் கடலில் ஒரு கொள்ளை, லெய்டனில் ஒரு கையெழுத்துப்படி

பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்குச் சொந்தமா மலேசியாவுக்குச் சொந்தமா என்ற வழக்கில் 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல் தொலைவில், ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தாங்கி நிற்கும் பாறைத் தீவு அது. தீவு சிங்கப்பூருக்கே என்பது முடிவு. தீர்ப்பின் முழு வாசகத்தையும் எடுத்துப் படித்தபோது, முடிவைவிட நடுவில் வரும் ஒரு பத்திதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூர் இறைமையுள்ள அரசாக இருந்ததா என்று ஆராயும் நீதிபதிகள், சான்றாக ஹியூகோ குரோஷியஸை அழைக்கிறார்கள். அவர் ஆசியாவில் கால் வைக்காத டச்சுக்காரர். 1604, 1605 வாக்கில் எழுதிய நூலில், ஜொகூர் நெடுங்காலமாகவே தனியரசாக மதிக்கப்பட்டு வந்ததென்று அவர் குறித்திருக்கிறார்.

இருபது வயதைத் தாண்டிய ஒரு ஹாலந்து வழக்கறிஞருக்கு ஜொகூரைப் பற்றி எழுத என்ன அவசியம் வந்தது? அந்தத் தகவல் அவர் கைக்கு எந்த வழியாகப் போனது? தடயங்களைப் பின்னோக்கித் தொடர்ந்தேன். குரோஷியஸ் மறுமலர்ச்சிப் புலமையில் வளர்ந்தவர். ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றவுடன் ஃபுளோரன்ஸ் ஓவியங்களும் ரோமாபுரிக் கூரைச் சித்திரங்களும் நினைவுக்கு வரும். இந்தத் தடயங்களோ நான் குடியிருக்கும் பாசிர் ரிஸ்ஸை ஒட்டிய கடலில் வந்து முடிந்தன.

முதல் தடயம்: ஏலத்துக்கு வந்த காகிதக் கட்டு

நீதிபதிகள் காட்டிய நூலின் பெயர் ‘தெ யூரே பிரேடே’. போரில் கைப்பற்றிய பொருளின் மீதான உரிமையைப் பேசும் லத்தீன் நூல். 1645இல் குரோஷியஸ் இறக்கும்வரை அது அச்சேறவில்லை. கையெழுத்துப்படி குடும்பத்தாரிடமே தங்கிவிட்டது. 1864இல் ஹேக் நகரில் மார்ட்டினஸ் நைஹாஃப் நடத்திய ஏலத்தில் அவருடைய காகிதங்கள் விற்பனைக்கு வந்தன. லெய்டன் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. 1868இல் நூல் முதன்முறையாக அச்சானது.

படித்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 1609இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான ‘மாரே லிபெரும்’ என்ற சிறு நூலை உலகம் அதுவரை கடல் சுதந்திரத்தின் தத்துவ அறிக்கையாகவே படித்து வந்தது. இப்போது பார்த்தால், அது இந்தக் கையெழுத்துப்படியின் 12ஆம் அத்தியாயம்! முழு நூலோ ஒரு கட்சிக்காரருக்காக எழுதிய வாதம். கட்சிக்காரர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி.

எப்போது எழுதினார் என்பதையும் காகிதமே சொல்லிவிட்டது. தாள்களின் நீர்க்குறிகளையும் அவை மடித்து அடுக்கப்பட்ட முறையையும் வைத்து, எந்தப் பகுதி முந்தியது, எது பிந்தியது என்று மார்ட்டின் யூலியா வான் இட்டர்சம் என்ற ஆய்வாளர் கணித்திருக்கிறார். 1604இல் தொடங்கி 1608வரை வேலை நீண்டிருக்கிறது. ஆக, 1604இல் கம்பெனிக்கு ஒரு வக்கீல் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறார்.

இரண்டாம் தடயம்: கைப்பற்றிய கப்பல்

1603 பிப்ரவரி 25 விடியற்காலை. மக்காவிலிருந்து மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துகீசியப் பெருங்கப்பல், ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே, சிங்கப்பூரின் கிழக்குக் கரைக்கு அப்பால் நின்றிருந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட எழுநூறு பேருக்குக் குறையாமல் அதில் இருந்தார்கள். யாக்கப் வான் ஹேம்ஸ்கெர்க் தலைமையில் வந்த டச்சுக்காரர்கள் நாள் முழுவதும் பீரங்கியால் தாக்கி அதைப் பணியவைத்தார்கள். ஆட்களை உயிரோடு மலாக்காவுக்கு அனுப்பிவிட்டு, சரக்கை எடுத்துக்கொண்டார்கள். சீனப் பட்டு, பீங்கான், கஸ்தூரி, சர்க்கரை என்று ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போன சரக்கு முப்பது லட்சம் கில்டருக்கு மேல் பெற்றது. கம்பெனி தொடங்கியபோது திரட்டிய மூலதனமே ஏறத்தாழ 64 லட்சம் கில்டர்தான்.

1604 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம் இந்தக் கைப்பற்றல் செல்லும் என்றது. ஆனால் பங்குதாரர்களில் சிலருக்கு மனசாட்சி உறுத்தியது. வன்முறையை ஏற்காத மென்னோனைட் சபையார் அந்தப் பணத்தைத் தொடத் தயங்கினார்கள். நீதிமன்றத்தில் வென்ற வழக்கை ஊராரின் நியாயத்துக்கு முன்னால் மறுபடி வாதாட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு. அந்த வேலைதான் குரோஷியஸிடம் வந்தது. கம்பெனி தன் மாலுமிகளின் வாக்குமூலங்களையும் ஹேம்ஸ்கெர்க்கின் கடிதங்களையும் அவரிடம் கொடுத்தது.

ஜொகூர் நூலுக்குள் நுழைந்த வாசல் அந்தக் கடிதங்களே. அன்றைய ஜொகூர் மன்னர் மூன்றாம் அலாவுதீன் ரியாயத் ஷாவுக்கும் மலாக்காவின் போர்த்துகீசியருக்கும் தீராத பகை. மன்னர் தரப்பு ஹேம்ஸ்கெர்க்குக்குத் துணைநின்றது. ஜொகூர் இறைமையுள்ள அரசு என்று ஒப்புக்கொண்டால், அதன் நண்பனாக டச்சுக்காரர் தொடுத்த போரும் நியாயமாகிவிடும். 2008இல் நீதிபதிகள் காட்டிய வாக்கியம் குரோஷியஸின் வாதத்தில் ஒரு தூண்.

மூன்றாம் தடயம்: ஒரு வரைபடம்

இடத்தை உறுதிசெய்ய அதே காலத்துக் கண் ஒன்று வேண்டியிருந்தது. அது மானுவேல் கொதினோ தெ எரேதியாவின் வரைபடம். 1563இல் மலாக்காவில் பிறந்தவர் அவர். தந்தை ஐரோப்பியர், தாய் சுலாவெசித் தீவின் அரச குலத்தவர். கோவாவில் ஏசு சபையாரிடம் படித்தார். கப்பல் பிடிபட்ட மறு ஆண்டான 1604இன் நிலையைக் காட்டும் சிங்கப்பூர் நீரிணை வரைபடம், 1613இல் அவர் முடித்த நூலில் இருக்கிறது. மூலம் பிரஸ்ஸல்ஸில். 1930இல் ஜே.வி. மில்ஸ் அந்த நூலை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்.

அந்தப் படத்தில் வடக்கு மேலே இராது. திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகியபின் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. தானா மேரா இருக்கிறது. சுங்கை பிடோக், தஞ்சோங் ரூ இருக்கின்றன. சாங்கிப் பக்கம் தஞ்சோங் ரூசா இருக்கிறது. பாசிர் ரிஸ் இல்லை. மாலுமிகளுக்குத் தேவைப்பட்ட கடல்வழி சாங்கி முனைக்குத் தெற்கே போனது. புலாவ் உபினைப் பார்த்த எங்கள் கரை முனைக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. தீவில் இன்னொரு குறிப்பும் உண்டு: ஷாபந்தரின் இருப்பிடம். ஷாபந்தர் என்பவர் துறைமுகத்தில் வணிகர்களையும் வரியையும் கவனித்த அதிகாரி. குரோஷியஸ் பேனா எடுப்பதற்கு முன்பே இந்தக் கடலுக்கு அதிகாரியும் இருந்தார், ஒழுங்கும் இருந்தது என்பதற்கு இது அத்தாட்சி.

எரேதியாவின் நூலில் தமிழருக்கு நெருக்கமான ஒரு பகுதி வருகிறது. மலாக்காவின் கம்போங் கிளிங் பகுதியில் வாழ்ந்த சோழமண்டலக் கரை வணிகர்களை விவரிக்கும்போது, ரோமானிய அறிஞர் பிளினி சொன்ன மக்கள் இவர்களே என்று கிரேக்க-ரோமானிய நூலறிவோடு முடிச்சுப் போடுகிறார். முடிச்சு சரியா என்பது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது அந்தப் பழக்கம். கண்ணால் கண்டதைப் பழைய மூலத்தோடு ஒப்பிடுவது, மூலத்தைக் கண்ணால் கண்டதை வைத்துச் சோதிப்பது.

மறுமலர்ச்சி தந்த ஆயுதம்

அதே பழக்கத்தில் வளர்ந்தவர்தான் குரோஷியஸும். பதினோரு வயதில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பெரும்புலவர் ஜோசஃப் ஸ்காலிகரின் நிழலில் மூலபாட ஆய்வு கற்றார். 1600இல் அவர் பதிப்பித்த பழைய வானியல் கவிதைத் தொகுப்புக்கு ஓவியர் யாக்கப் தெ கெய்ன், கார்லோவிங்கியர் காலச் சுவடியிலிருந்த விண்மீன் உருவங்களைப் பார்த்துச் செப்புத்தகட்டுச் சித்திரங்கள் வரைந்து கொடுத்தார். புலமையும் ஓவியமும் ஒரே மேசையில் இருந்த காலம்.

கொள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்தவர், கப்பலில் தொடங்கவில்லை. கணிதவியலார் செய்வதுபோல, எல்லோரும் ஒப்பும் பொது விதிகளை முதலில் வைத்து, அவற்றிலிருந்து முடிவை வரவழைப்பதாகச் சொல்லி, ஒன்பது விதிகளையும் பதின்மூன்று சட்டங்களையும் அடுக்கினார். 1435இல் ஓவியக் கலைக்கு இலக்கணம் எழுதிய ஆல்பெர்த்தியும் கணிதவியலாரிடம் புள்ளியையும் கோட்டையும் கடன் வாங்கித்தான் தொடங்கினார். அந்த விதிகள் தெரிந்தவன் எவனும் ஓர் ஓவியத்தின் தொலைவும் அளவும் சரியா என்று சோதித்துப் பார்க்கலாம். குரோஷியஸ் அதை நியாயத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு கப்பலைப் பிடித்தது சரியா என்று பார்க்க, யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கக்கூடிய அளவுகோல்.

12ஆம் அத்தியாயத்தில் சிசரோ, செனெக்கா, ரோமானியச் சட்டம் எல்லாம் அணிவகுக்கின்றன. கடல் காற்றைப் போல. யாரும் பிடித்து வேலி போட முடியாது என்பது சாரம். ஸ்பானியக் கத்தோலிக்க இறையியலாளர் வித்தோரியாவின் கருத்துகளை எடுத்து, அப்போது ஸ்பானிய முடியின்கீழ் இருந்த போர்த்துகல்லுக்கு எதிராகவே நிறுத்துகிறார். ஜாவாவுக்கும் இலங்கைக்கும் மொலுக்கஸ் தீவுகளுக்கும் எப்போதும் சொந்த அரசர்களும் சட்டங்களும் உண்டு. போப்பாண்டவரின் ஆணை அவற்றைப் போர்த்துகல்லுக்குத் தானம் செய்ய முடியாது என்கிறார். 1625இல் எழுதிய பெருநூலில் இன்னும் ஒரு படி போனார்: கடவுள் இல்லை என்று வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும் இயற்கைச் சட்டம் ஓரளவு செல்லுபடியாகும் என்றார். மதம் மாறுபட்டவர்களும் ஒரே சட்டத்தின்கீழ் பேச முடியும் என்ற நவீன எண்ணத்துக்கு அது வழி திறந்தது.

சென்னையிலிருந்து ஒரு மறுகேள்வி

இந்தக் கதையை ஐரோப்பாவிலிருந்து வந்த கொடையாக மட்டும் சொல்லக்கூடாது என்ற குரல் சென்னையில் எழுந்தது. 1951 முதல் 1961வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலகச் சட்டம் கற்பித்த சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச், 1967இல் வெளியிட்ட நூலில், இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்களில் நெடுங்காலம் நிலவிய தடையற்ற கடல் வணிக வழக்கமும் குரோஷியஸின் சிந்தனைக்கு ஊற்று என்று வாதிட்டார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. என்றாலும் லெய்டன் காகிதக் கட்டைப் பார்த்தவரையில், ஜொகூர் மன்னரின் நட்பும் பகையும் இல்லாமல் அந்த வாதத்துக்குக் கட்டடமே இல்லை. மலாக்கா சுல்தான்களின் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்ததையும், சோழமண்டல வணிகர்களைக் கவனித்தது அவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பல நாட்டார் ஒரு கடலைப் பகிர்ந்துகொள்ளும் முறை இங்கே நடைமுறையாகவே இருந்தது.

கம்பெனியோ தன் வக்கீலின் வாதத்தை மதிக்கவில்லை. 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்து, தன் அனுமதிச்சீட்டு இல்லாத கப்பல்களை மறித்தது. குரோஷியஸும் தப்பவில்லை. 1613இல் மசாலைத் தீவுகளின் வணிகத்தில் டச்சுக்காரருக்கே தனியுரிமை என்று பேச லண்டன் போனபோது, ஆங்கிலேயர் ‘மாரே லிபெரும்’ நூலையே எடுத்து அவர்முன் நீட்டினார்கள்.

கூலிக்கு எழுதிய வாதம் என்று ஒதுக்கிவிட முடியாமல் போவது இங்கேதான். எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று எழுதிவிட்டால், எழுதியவனின் எதிராளிக்கும் அது சொந்தமாகிவிடுகிறது. 1982 டிசம்பரில் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கையெழுத்தானபோது மாநாட்டுத் தலைவராக இருந்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. கப்பல் பறிபோன நீரிணையின் கரையிலுள்ள நாடு, கப்பல்கள் தடையின்றிச் செல்லும் உரிமையை அங்கே சட்டமாக்கிக்கொண்டது. 2008இல் குரோஷியஸின் வாக்கியம் ஜொகூரின் தொன்மை உரிமைக்குச் சான்றாக, அதாவது மலேசியத் தரப்புக்குச் சாதகமாக நின்றது. ஆனால் தீவின் உரிமையை ஜொகூர் கோரவில்லை என்ற 1953ஆம் ஆண்டுக் கடிதமும் பின்வந்த நடத்தையும் தராசைச் சிங்கப்பூர்ப் பக்கம் சாய்த்தன. பீரங்கி முடிவுசெய்த கடலில் இன்று காகிதமும் காரணமும் முடிவுசெய்கின்றன. மறுமலர்ச்சிப் புலவர்கள் பழைய ஏடுகளின் மேல் பழகிய சோதனை, எங்கள் வட்டாரத்தில் எல்லைத் தகராறு தீர்க்கும் முறையாகியிருக்கிறது. அதற்கு முதல் விலை கொடுத்தது ‘சாந்தா கத்தரீனா’.